காதல் படங்களில் நிர்வாணம்: யாரிடம் கேட்டார்கள்?

டைட்டானிக்கை முதல் தடவை வீட்டில் பார்த்தபோது எனக்குப் பத்து வயது இருக்கும். கழுத்தில் அந்த நீலக்கல் மாலையோடு ரோஸ் சோபாவை நோக்கி நடக்கிற இடம் வந்ததும் அப்பா ஒன்றும் சொல்லாமல் ரிமோட்டை எடுத்தார். படம் கொஞ்ச நேரம் பறந்தது. திரும்ப ஒழுங்கான வேகத்துக்கு வந்தபோது ஜாக்கும் ரோஸும் கப்பலுக்குள் யாருக்கோ ஒளித்து ஓடிக்கொண்டிருந்தார்கள். ஏன் ஓடுகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. கேட்கவும் இல்லை. எங்கட வயசுக்காரர் கனபேரிட்ட இதே கதை இருக்கும். சில வீட்டில் ரிமோட் அம்மாவின் கையில் இருந்திருக்கும், சில வீட்டில் அண்ணாவின் கையில்.

பிறகு கம்பஸ் வந்து, ஹொஸ்டலில் ஒரு சிநேகிதியின் லப்டொப்பில் அந்தக் காட்சியை முழுதாகப் பார்த்தேன். இதையா ஓடவிட்டவை எண்டுதான் முதலில் நினைச்சன். அந்தக் காட்சியில் கேட்பது ரோஸ். தன்னை வரையச் சொல்லி, காசு கொடுக்கிற வாடிக்கையாளர் மாதிரி ஒரு நாணயத்தையும் ஜாக்கிடம் எறிகிறாள். வெட்கப்படுவது ஜாக். அதுவரை தாயும் மாப்பிள்ளையும் சொன்ன உடுப்பை உடுத்து, சொன்ன கதிரையில் இருந்த ஒரு பெண், தன்னை யார் எப்படிப் பார்க்கவேண்டும் என்று முதல் தடவையாகத் தானே தீர்மானிக்கிறாள். அதை எடுத்துவிட்டால் படத்தின் காதலில் பாதி போய்விடும். 2012இல் படம் முப்பரிமாணத்தில் திரும்பவும் வெளியானபோது சீனாவில் அந்தக் காட்சியை வெட்டித்தான் காட்டினார்கள். அப்பாவுக்குப் பெரிய இடத்துத் துணை இருந்திருக்கிறது.

அந்தக் காட்சி பற்றி இன்னொரு விசயம். வரைகிற கை லியனார்டோ டிகாப்ரியோவின் கை அல்ல, இயக்குநர் ஜேம்ஸ் கெமரூனின் கை. அவர் இடக்கைக்காரர், நடிகர் வலக்கைக்காரர். ஆகவே அந்தத் துண்டுகளை இடம்வலம் மாற்றித்தான் படத்தில் சேர்த்திருக்கிறார்கள். கதைக்குள்ளே ரோஸைப் பார்த்து வரைவது காதலன். கதைக்கு வெளியே வரைந்தது இயக்குநர். கதைக்குள்ளே ரோஸிடம் சம்மதம் கேட்டாயிற்று, அவளே கேட்டாள். வெளியே, படப்பிடிப்புத் தளங்களில், கெமராவுக்கு முன்னால் உடுப்பைக் கழற்றிய ஆட்களிடம் யார் என்ன கேட்டார்கள்?

இந்தக் கேள்வியோடு காதல் படங்களின் வரலாற்றைத் தோண்டத் தொடங்கியபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஏறத்தாழத் தொண்ணூறு வருசம் நிர்வாணத்தைப் பற்றிச் சண்டை பிடித்திருக்கிறார்கள். தணிக்கை செய்தவர்களும் தணிக்கையை எதிர்த்தவர்களும் பிடித்த அந்தச் சண்டை பெரும்பாலும் பார்க்கிறவரின் கண்ணைப் பற்றியது. எவ்வளவு காட்டலாம், யாருக்குக் காட்டலாம், பார்த்தால் கெட்டுப்போவார்களா, மாட்டார்களா. காட்டப்பட்ட ஆள் அந்தச் சண்டையில் ஒரு தரப்பாகவே இருக்கவில்லை.

தொடக்கத்தில் இருந்து வருவோம். 1933 ஜனவரியில் பிராக் நகரில் ‘எக்ஸ்டஸி’ என்ற செக் படம் வெளியானது. இயக்கியவர் குஸ்தாவ் மகாட்டி. ஈவா என்ற இளம்பெண் தன்னைக் கண்டுகொள்ளாத வயதான கணவனை விட்டுவிட்டுத் தகப்பன் வீட்டுக்குத் திரும்புகிறாள். ஒருநாள் குளத்தில் நீந்தப் போகிறாள். உடுப்பைச் சுமந்துகொண்டு நின்ற குதிரை ஓடிவிடுகிறது, அவள் பின்னால் ஓடுகிறாள். குதிரையைப் பிடித்துக்கொண்டு வருகிற இளம் பொறியியலாளன் மீது பிறகு காதல். ஈவாவாக நடித்தவர் வியன்னாவைச் சேர்ந்த ஹெடி கீஸ்லர். படம் வெளியானபோது அவருக்கு 18 வயது.

குளக்காட்சியைத்தான் எல்லாரும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். ஆனால் உலகத்தைக் கூடுதலாகக் கலங்கடித்த காட்சியில் நிர்வாணமே இல்லை. இருவரும் சேரும் இரவில் கெமரா ஈவாவின் முகத்தை மட்டுமே காட்டுகிறது. ஒரு பெண்ணுக்கு இன்பம் உண்டு என்று அந்த முகம் சொல்கிறது, அவ்வளவுதான். அதைத்தான் பொறுக்க முடியவில்லை. 1934இல் வெனிஸ் திரைப்பட விழாவில் காட்டினார்கள், வத்திக்கான் தரப்பு கொதித்தது. 1935இல் அமெரிக்கச் சுங்கம் படத்தைக் கைப்பற்றியது, அந்தப் பிரதி எரிக்கப்பட்டது. ஹெடி 1933இல் கட்டிய கணவர் ஃபிரிட்ஸ் மாண்டல் ஓர் ஆயுத உற்பத்தியாளர். அவர் தன் பங்குக்குக் கிடைக்கிற பிரதிகளை எல்லாம் காசு கொடுத்து வாங்கி ஒழிக்கப் பார்த்தார்.

அந்தக் காட்சிகளை எடுத்த விதம் பற்றி ஹெடி பிற்காலத்தில் சொன்னது வேறு. கெமரா தூரத்தில் இருக்கிறது, ஒன்றும் தெளிவாகத் தெரியாது என்று தன்னை நம்பவைத்ததாகவும், எட்டத்தில் இருந்து கிட்ட இழுக்கும் வில்லையைப் பற்றித் தனக்குத் தெரியாது என்றும் சொன்னார். ஒளிப்பதிவாளர் அதை மறுத்தார், அவருக்கு எல்லாம் தெரியும் என்றார். 1966இல் ஹெடியின் பெயரில் வந்த சுயசரிதையில் இன்னும் பல கதைகள் இருந்தன. அந்தப் புத்தகத்தில் பலதும் தனக்காக எழுதியவர்களின் கற்பனை என்று ஹெடியே வழக்குப் போட்டார். ஆக, ஒருத்தர் சொல்லுக்கு எதிராக இன்னொருத்தர் சொல். எனக்கு முக்கியமாகப் படுவது அந்தப் படத்துக்கு எதிராகக் கிளம்பியவர்களில் ஒருவரும் அவரிடம் போய் ‘உனக்கு என்ன சொல்லி எடுத்தார்கள்’ என்று கேட்டதாகத் தெரியவில்லை என்பதுதான். சுங்கம், திருச்சபை, புருசன் என்று எல்லாரும் அக்கறைப்பட்டது பிலிம் சுருளைப் பற்றி. 1937இல் அந்தக் கலியாணத்தில் இருந்து தப்பி ஓடி, எம்ஜிஎம் முதலாளி லூயிஸ் பி. மேயரைச் சந்தித்து, ஹெடி லமார் என்று பெயர் மாறி ஹொலிவூட்டில் நட்சத்திரமானார். 1942இல் ஜோர்ஜ் அந்தைல் என்ற இசையமைப்பாளருடன் சேர்ந்து, டோர்பிடோவை வழிநடத்தும் வானொலிச் சமிக்ஞையை எதிரி குழப்ப முடியாதபடி அலைவரிசை தாவச் செய்கிற முறைக்குக் காப்புரிமையும் எடுத்தார். என்ன செய்தும் கனகாலமாக அவர் அந்தக் குளத்துப் பெண்தான்.

அதே காலத்தில் ஹொலிவூட்டில் வேறு கூத்து. 1930இலேயே எழுதிவைத்த ஒழுக்கக் கோவையை, ஹேஸ் கோட் என்று சொல்வார்களே அதை, 1934 நடுப்பகுதியில் இருந்துதான் ஜோசப் பிரீன் என்பவரின் அலுவலகம் இறுக்கமாக நடைமுறைப்படுத்தியது. முதலில் அடி வாங்கியவற்றில் ஒன்று ‘டார்ஸனும் அவன் துணைவியும்’ என்ற 1934ஆம் ஆண்டுப் படம். ஜேனும் டார்ஸனும் தண்ணீருக்கு அடியில் நீந்துகிற நீளமான ஒரு காட்சி, ஜேனின் உடலில் துணி இல்லை. பிரீன் வெட்டச் சொன்னார், வெட்டினார்கள். 1986இல்தான் அந்தத் துண்டு திரும்பப் படத்தில் ஒட்டப்பட்டது. பார்த்தவர்கள் ஜேனைப் பார்த்ததாக, அதாவது நடிகை மோரீன் ஓசல்லிவனைப் பார்த்ததாக நினைத்தார்கள். நீந்தியது ஜோசஃபின் மெக்கிம், ஒலிம்பிக் நீச்சல் வீராங்கனை. முகம் ஒருவருடையது, உடல் இன்னொருவருடையது. உடலின் சொந்தக்காரிக்குத் திரையில் பெயர் இல்லை.

அதற்குப் பிறகு முப்பது வருசத்துக்கு மேலாக ஹொலிவூட் காதலர்கள் முத்தத்தோடு நின்றார்கள். கெமரா கணப்படுப்பைப் பார்க்கும், அலையைப் பார்க்கும், ரயில் சுரங்கத்துக்குள் நுழையும். எங்கட பழைய படங்களில் இரண்டு பூக்கள் முட்டிக்கொள்ளுமே, அதன் வெள்ளைக்கார ஒன்றுவிட்ட சகோதரங்கள். ‘காசாபிளாங்கா’வில் (1942) ரிக்கும் இல்சாவும் தழுவுகிறார்கள், விமான நிலையக் கோபுரத்தின் விளக்குச் சுழல்கிறது, திரும்ப வரும்போது ரிக் ஜன்னலோரம் நிற்கிறார். நடுவில் என்ன நடந்தது என்று இண்டைக்கு வரைக்கும் ஆக்கள் சண்டை பிடிக்கினம். அந்தக் காலத்துப் படங்களில்தான் காதல் இருந்தது, மறைத்ததால்தான் அழகு என்று சொல்கிறவர்களை எனக்கு விளங்குகிறது. நானும் அந்தக் கட்சிதான், பாதி. மறு பாதி என்னவென்றால், மறைக்கச் சொன்னவர்கள் நடிகையின் மானத்தைக் காக்கச் சொல்லவில்லை. எவ்வளவோ நடிகைகளைத் தயாரிப்பாளர்களின் அறைக்குள் தள்ளிய அதே ஸ்டூடியோக்கள்தான் திரையில் தம்பதிகளுக்கு இரட்டைக் கட்டில் போட்டன. கோவைக்குத் திரையில் தெரிகிறது மட்டும்தான் கண்ணில் பட்டது.

கட்டு அவிழ்ந்தது ஐரோப்பாவில் இருந்துதான். 1951இல் சுவீடனில் இருந்து ஆர்னே மத்சனின் ‘ஒரு கோடையில் அவள் ஆடினாள்’ வந்தது, ஏரியில் நீந்தும் காட்சியோடு. அடுத்த வருசம் பெர்லின் விழாவில் தங்கக் கரடி வாங்கியது. 1953இல் இங்மார் பேர்க்மனின் ‘மோனிக்காவோடு கோடைகாலம்’. அதில் ஹரியட் ஆண்டர்சன் பாறைகளில் ஏறி இறங்கித் தண்ணீருக்குள் போகிற காட்சி, ஒரு ஏழைப் பெட்டையின் ஒரே ஒரு கோடைகால விடுதலை. அவளை யாரும் வேலைக்கு எழுப்பவில்லை, யாரும் ஏசவில்லை, வெயில் இருக்கிறது, அவ்வளவுதான் அந்தக் காட்சி. அதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோன குரோகர் பாப் என்ற வியாபாரி படத்தைக் கண்டபடி வெட்டி, மோனிக்கா ஒரு கெட்ட பெண் என்ற அர்த்தத்தில் புதுத் தலைப்பும் போட்டு விற்றார். வழமையாகத் தணிக்கைக்காரர் நிர்வாணத்தை வெட்டிக் கதையை விடுவார், இந்த மனுசன் கதையை வெட்டி நிர்வாணத்தை விட்டார். கத்தரிக்கோல் ஒன்றுதான்.

லூயி மாலின் ‘காதலர்கள்’ (1958) படத்தைப் போட்டதற்காக அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஒரு தியேட்டர் முகாமையாளருக்கு 2500 டொலர் தண்டம் விதிக்கப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1964இல் அவர் வென்றார். ஆபாசத்துக்கு வரைவிலக்கணம் சொல்ல ஏலாது, ஆனால் கண்டால் தெரியும், இது அது இல்லை என்ற கருத்தில் நீதிபதி பொட்டர் ஸ்டூவர்ட் எழுதியது அந்த வழக்கில்தான். கண்டால் தெரியும்! திரும்பவும் கண்தான். 1968 நவம்பரில் அமெரிக்கா பழைய கோவையைத் தூக்கி எறிந்துவிட்டு வயது வாரியாகப் படங்களைத் தரம் பிரிக்கத் தொடங்கியது. விடுதலை என்று கொண்டாடினார்கள், நியாயமான கொண்டாட்டம்தான். ஆனால் வயது பார்த்தது டிக்கட் எடுக்கிறவருக்கு.

நடிக்கிறவரின் வயது என்ன ஆனது? அதே 1968இல் வந்த படத்தைப் பாருங்கோ.

ஃபிராங்கோ ஸெஃபிரெல்லியின் ‘ரோமியோவும் ஜூலியட்டும்’. ஆங்கில இலக்கியம் படித்த எங்களுக்கு ஷேக்ஸ்பியர் என்றால் இந்தப் படம்தான். நாடகத்தில் ஜூலியட்டுக்குப் பதினாலு வயதும் நிரம்பவில்லை. 1936இல் ஹொலிவூட் எடுத்த படத்தில் ஜூலியட் முப்பதுகளில், ரோமியோ நாற்பதைத் தாண்டியவர். நல்ல நடிகர்கள், ஆனால் பார்க்கிறபோது இவர்கள் ஏன் வீட்டில் சொல்லிவிட்டே கலியாணம் கட்டியிருக்கக்கூடாது எண்டு தோன்றும். ஸெஃபிரெல்லி உண்மையான பிள்ளைகளைத் தேடினார். ஒலிவியா ஹஸ்ஸி 1951 ஏப்ரலில் பிறந்தவர், லெனர்ட் வைட்டிங் 1950 ஜூனில். 1967இல் இத்தாலியில் படப்பிடிப்பு. அவசரம், பிடிவாதம், அழுகை எல்லாம் அந்த வயதுக்கே உரிய மாதிரி இருக்கிறது. படத்தின் உயிரே அதுதான். ஒளிப்பதிவுக்கும் ஆடையமைப்புக்கும் இரண்டு ஒஸ்கார் கிடைத்தது.

பிரியும் நாள் காலையில் இருவரும் கண் விழிக்கிற காட்சியில் நிர்வாணம் உண்டு. ஐம்பத்தைந்து வருசம் அந்தக் காட்சியைப் பற்றிய விவாதம், பாடசாலைப் பிள்ளைகளுக்குக் காட்டலாமா கூடாதா என்பதுதான். 2018இல் ஹஸ்ஸி தன் வாழ்க்கைக் கதையை வெளியிட்ட சமயம் கொடுத்த பேட்டியில் அந்தக் காட்சி படத்துக்குத் தேவைப்பட்டது, நாகரிகமாகத்தான் எடுத்தார்கள் என்று சொன்னார். 2022 டிசம்பர் கடைசியில் அவரும் வைட்டிங்கும் லொஸ் ஏஞ்சலிஸில் பரமவுண்ட் நிறுவனத்துக்கு எதிராக வழக்குப் போட்டார்கள். 500 மில்லியன் டொலருக்கு மேல் நட்டஈடு. சிறுவயதில் நடந்த பாலியல் துஷ்பிரயோகங்களுக்கு வழக்குப் போடும் காலவரம்பைக் கலிபோர்னியா தற்காலிகமாகத் தளர்த்தியிருந்தது, அந்தச் சலுகை முடிகிற நேரம். தோல் நிறத்தில் உள்ளாடை போட்டுத்தான் நடிப்பீர்கள் என்று இயக்குநர் தங்களிடம் சொன்னார், படப்பிடிப்பு நாளன்று வந்து உடல் மேக்கப் மட்டும்தான், கெமராவை நான் பார்த்து வைக்கிறேன், ஒன்றும் தெரியாது, இல்லாவிட்டால் படம் படுத்துவிடும் என்றார், இதுதான் அவர்களின் குற்றச்சாட்டு. ஸெஃபிரெல்லி 2019இலேயே இறந்துவிட்டார், பதில் சொல்ல இல்லை. ‘கெமராவில் தெரியாது’ என்ற அந்த ஒரு வரியை வாசித்தபோது எனக்கு ஹெடி கீஸ்லர் ஞாபகம் வந்தார்.

2023 மே மாதம் நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்தார். அந்தக் காட்சி சட்டவிரோதம் என்று முடிவாகச் சொல்லுமளவுக்குப் பாலியல் தூண்டல் கொண்டதாக இல்லை, கருத்துச் சுதந்திரத்தின் கீழ் அதற்குப் பாதுகாப்பு உண்டு என்பது சாரம். சட்டப்படி அது சரியாக இருக்கலாம், நான் சட்ட மாணவி இல்லை. ஆனால் கவனியுங்கோ, நீதிமன்றமும் பார்த்தது திரையில் என்ன தெரிகிறது என்பதைத்தான். அந்தக் காலையில் பதினாறு வயதுப் பிள்ளையிடம் என்ன சொன்னார்கள் என்று விசாரிக்கிற கட்டத்துக்கே வழக்குப் போகவில்லை.

‘2018இல் நல்லது எண்டு சொல்லிப்போட்டு நாலு வருசத்தில காசுக்காகப் பிரட்டினவ’ என்று எங்கட பட்சில் ஒரு பெடியன் சொன்னான். எனக்கு அப்படிப் படவில்லை. ஒரு பெண் ஐம்பது வருசமாக ஒரே கேள்வியைத்தான் எதிர்கொண்டிருக்கிறார்: அந்தக் காட்சி தேவைதானா? தேவை என்றார். அது கலையைப் பற்றிய பதில். உங்களுக்கு என்ன நடந்தது என்பது வேறு கேள்வி. காட்சி படத்துக்குத் தேவையானதாகவும், எடுத்த விதம் பிழையானதாகவும் ஒரேநேரத்தில் இருக்கலாம்.

எடுத்த விதம் பிழை என்பதற்கு 1972இன் ‘பாரிஸில் கடைசி டாங்கோ’வை விடப் பெரிய சாட்சி இல்லை. பேர்னார்டோ பெர்டொலுச்சி இயக்கம், மார்லன் பிராண்டோவுடன் மரியா ஷ்னைடர். மரியாவுக்கு 19 வயது, பிராண்டோவுக்கு ஐம்பது நெருங்குகிறது. பெயர் தெரியாத இருவர் ஒரு வெறும் வீட்டில் சந்திக்கிற கதை. படத்தின் முதல் காட்சியிடலை நியூயோர்க்கின் பிரபல விமர்சகி போலின் கேல், இருபதாம் நூற்றாண்டு இசையைப் புரட்டிப்போட்ட அரங்கேற்றம் ஒன்றோடு ஒப்பிட்டு எழுதினார். இத்தாலியில் எதிர்மாறு. 1976இல் பிரதிகளை அழிக்கும்படி நீதிமன்றம் உத்தரவிட்டது. இயக்குநருக்கு ஒத்திவைக்கப்பட்ட நாலு மாதச் சிறைத்தண்டனை, ஐந்து வருசத்துக்கு வாக்குரிமையும் பறிபோனது. 1987இல்தான் தடை நீங்கியது. அந்தப் பத்துப் பன்னிரண்டு வருசமும் பெர்டொலுச்சி கலைச் சுதந்திரத்தின் தியாகி.

2007இல் மரியா ஒரு பேட்டியில் சொன்னார், படத்தில் வருகிற வன்புணர்வுக் காட்சியில் வெண்ணெயைப் பாவிக்கும் பகுதி திரைக்கதையில் இருக்கவில்லை, எடுப்பதற்குச் சற்று முன்புதான் தனக்குச் சொன்னார்கள், திரையில் தெரிகிற கண்ணீர் தன் சொந்தக் கண்ணீர், தான் அவமானப்பட்டேன் என்று. பெரிதாக யாரும் எடுக்கவில்லை. அவர் 2011இல் இறந்தார். 2013இல் பெர்டொலுச்சியே சொன்னார், அன்று காலையில்தான் தானும் பிராண்டோவும் அந்த யோசனைக்கு வந்ததாகவும், ஒரு நடிகையின் பாவனை வேண்டாம், ஒரு பெண்ணின் உண்மையான அவமானம் வேண்டும் என்பதால் மரியாவிடம் சொல்லவில்லை என்றும். அந்த வீடியோ 2016இல் திரும்பப் பரவியபோதுதான் உலகம் அதிர்ந்தது. மரியா சொன்னபோது வராத அதிர்ச்சி இயக்குநர் சொன்னபோது வந்தது. இத்தாலிய நீதிமன்றம் அந்த மனிதனைத் தண்டித்தது உண்மைதான். பார்வையாளரின் ஒழுக்கத்துக்குச் செய்த குற்றத்துக்காக.

இதில் இன்னொன்று என்னைக் கரைச்சல்படுத்துகிறது. அதே 1972இல்தான் ஜோன் பேர்ஜர் பிபிசி தொலைக்காட்சியில் ஓவியங்களைப் பற்றிய தன் தொடரைச் செய்தார், முதலாம் வருசத்தில் எல்லாருக்கும் போட்டுக்காட்டுவார்கள். உடுப்பில்லாமல் தானாக இருப்பது ஒன்று, பிறர் பார்வைக்காக உடுப்பில்லாமல் வைக்கப்படுவது வேறொன்று என்று அதில் பிரித்துச் சொல்வார். தமிழில் அம்மணம், நிர்வாணம் என்று இரண்டு சொல் இருந்தும் நாங்கள் அப்படிப் பிரித்துப் பாவிப்பதில்லை. அறிவு இல்லாமல் போகவில்லை, 1972இலேயே ஒருவர் தொலைக்காட்சியில் விளக்கமாகச் சொல்லியிருக்கிறார். படப்பிடிப்புத் தளத்துக்கு அது வந்துசேர நாற்பத்தைந்து வருசம் எடுத்திருக்கிறது.

வராமல் இருந்ததற்குக் கடைசிப் பெரிய உதாரணம் 2013. அப்தெல்லத்தீப் கெஷிஷின் ‘நீலமே மிக வெப்பமான நிறம்’, இரண்டு பெண்களின் காதல். கான் விழாவில் ஸ்பீல்பேர்க் தலைமையிலான ஜூரி தங்கப் பனையை இயக்குநருக்கும் லெயா செய்து, அடேல் எக்ஸார்கோபுலோஸ் இருவருக்கும் சேர்த்தே கொடுத்தது. சில மாதத்துக்குள் அதே நடிகைகள் படப்பிடிப்பு கொடுமையாக இருந்தது, ஒரு நீண்ட படுக்கைக் காட்சி மட்டும் பத்து நாள் எடுத்தது, இனி இவரோடு நடிக்கமாட்டோம் என்றார்கள். மூலச் சித்திரநாவலை எழுதியவரும் அந்தக் காட்சிகளில் தங்களைக் காணவில்லை என்றார். பார்த்தால் விளங்கும். படத்தில் அவர்கள் சாப்பிடுகிற காட்சியில், அழுகிற காட்சியில் உள்ள காதல் அந்தப் படுக்கையில் இல்லை. அங்கே இருப்பது மூன்றாவது ஓர் ஆளின் களைக்காத கண். ஆறு வருசத்துக்குப் பிறகு செலின் சியாமா ‘தீப்பிடித்த பெண்ணின் உருவப்படம்’ எடுத்தார். பதினெட்டாம் நூற்றாண்டு, ஒரு தீவு, ஓவியக்காரியும் அவள் வரைகிற பெண்ணும். நீ என்னைப் பார்க்கிறபோது நான் யாரைப் பார்க்கிறேன் என்று வரையப்படுகிறவள் கேட்பாள். ரோஸ் எறிந்த நாணயத்துக்குப் பிறகு எனக்குப் பிடித்த இடம் அதுதான்.

2017 ஒக்டோபரில் ஹார்வி வைன்ஸ்டீன் விசயம் வெடித்தது. அடுத்த வருசம் எச்பிஓவின் ‘த டியூஸ்’ தொடரில் நடித்த எமிலி மீட், நெருக்கமான காட்சிகளுக்குத் தன் பக்கத்தில் நிற்க ஓர் ஆள் வேண்டும் என்று கேட்டார். அலிசியா ரோடிஸ் என்பவர் நியமிக்கப்பட்டார். இப்படிக் காட்சி உள்ள எல்லாத் தொடருக்கும் இனி நெருக்கக் காட்சி ஒருங்கிணைப்பாளர் இருப்பார் என்று அந்த நிறுவனம் 2018இலேயே அறிவித்தது. வாள்ச்சண்டை எடுக்க எப்பவுமே ஒரு பயிற்சியாளர் இருப்பார். எந்தக் கால் எங்கே வைக்கவேண்டும், எங்கே நிறுத்தவேண்டும் என்று பழக்குவார். கட்டிலுக்கு மட்டும் ‘நீங்களே பாத்துச் செய்யுங்கோ’ என்று விட்டிருந்தார்கள். யோசித்தால் பைத்தியக்காரத்தனம்.

அந்த முறை நன்றாக வேலை செய்த இடம் ‘நோர்மல் பீப்பிள்’ (2020). சாலி ரூனியின் நாவல், பன்னிரண்டு பாகம், டெய்ஸி எட்கர் ஜோன்ஸும் போல் மெஸ்கலும். ஒருங்கிணைப்பாளர் இடா ஓப்ரயன். இந்தக் காட்சி கதைக்கு என்ன செய்கிறது என்று முதலில் கதைப்பது, எங்கே தொடலாம் எங்கே கூடாது என்று இருவரும் ஒத்துக்கொள்வது, நடனம் போல அசைவுகளை முன்கூட்டியே அமைப்பது, மறைப்புத் துணிகள், தளத்தில் தேவையான ஆட்கள் மட்டும், எந்த நேரத்திலும் வேண்டாம் என்று சொல்லும் உரிமை. இவ்வளவு சட்டதிட்டத்தோடு எடுத்தால் காட்சி செத்துப்போகும் என்று நினைப்பீங்கள். நேர்மாறு. முதல் தடவை மேரியானும் கொனலும் சேரும்போது, உனக்கு நிறுத்தவேணும் எண்டால் சொல்லு, நிறுத்தலாம், ஒரு பிரச்சினையும் இல்லை என்று கொனல் சொல்வான். மெஸ்கலின் உடலும் எட்கர் ஜோன்ஸின் உடலும் ஒரே அளவுக்குத் திரையில் இருக்கிறது. வெளியே பேச வராத இரண்டு பேர், உடுப்பில்லாத நேரத்தில் மட்டும் பொய் சொல்லாமல் இருக்கிறார்கள். அந்த நிர்வாணத்தை எடுத்துவிட்டால் கதை விளங்காது. அயர்லாந்தில் வானொலிக்கு ஆட்கள் தொலைபேசி எடுத்து ஏசினார்கள், பிள்ளைகள் பார்க்கிற நாட்டில் இதென்ன என்று. ரிமோட் பிடித்த கைகள் உலகம் முழுக்க உண்டு.

எதிர்க்குரலும் இருக்கிறது. இந்த ஏற்பாடு இயல்பைக் கெடுக்கிறது என்று 2022இல் ஷோன் பீன் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார். அவர் சொன்னதை விடுங்கோ. ‘அனோரா’வுக்காக 2025இல் ஒஸ்கார் வாங்கிய மைக்கி மாடிசன், ஒருங்கிணைப்பாளர் வேண்டுமா என்று கேட்கப்பட்டபோது வேண்டாம் என்றவர். அதையும் பிழை என்று எனக்குச் சொல்லத் தெரியாது, ஏனென்றால் அவரிடம் கேட்டிருக்கிறார்கள். இந்தியாவில் ‘கெஹராயியான்’ (2022) படத்தில் தார் கய் என்பவருக்கு நெருக்கக் காட்சி இயக்குநர் என்று பெயர் போட்டார்கள். பெரிய படங்களுக்குக் காசு இருக்கு, செய்வார்கள்.

எங்கட அளவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். எங்களோடு படிக்கிற ஒருத்தி ஒரு குறும்படத்தில் நடித்தாள். காதல் கதை, நிர்வாணமும் இல்லை ஒன்றும் இல்லை. கடைசிக் காட்சியில் காதலன் அவளைக் கட்டிப்பிடிப்பது என்று ஸ்பொட்டில்தான் முடிவாகியது, அவனுக்குச் சொல்லியிருந்தார்கள், அவளுக்குச் சொல்லவில்லை. இயல்பாக வரட்டும் என்று. படம் நல்லா வந்தது, எல்லாரும் அந்த ஷொட்டைத்தான் பாராட்டினார்கள். ‘பத்துப் பேர் சுத்தி நிண்டவங்கள், லைட் போட்டிருக்கு, எப்பிடியடி நான் கட் எண்டு சொல்றது’ என்று ஒரு வருசம் கழித்துத்தான் எங்களிடம் சொன்னாள்.

2024 டிசம்பரில் பாரிஸில் பிரெஞ்சு சினிமாதெக் ‘கடைசி டாங்கோ’வைத் திரையிட இருந்தது, எதிர்ப்பு வந்ததால் நிறுத்தியது. அதே மாதம் 27ஆம் திகதி ஒலிவியா ஹஸ்ஸி இறந்தார்.

அந்தச் செய்தி வந்த கிழமை எங்கட சிறிய படவட்டத்தில் அவருக்காக ‘ரோமியோவும் ஜூலியட்டும்’ போடுவோம் என்று யாரோ சொன்னார்கள். நான்தான் வழக்கைப் பற்றிச் சொன்னேன். அப்ப அந்தக் காலைக் காட்சி வரும்போது ஓடவிடலாம் என்றாள் ஒருத்தி. சிரித்துவிட்டோம், பிறகு அது சிரிப்பாக இல்லை. அப்பா ஓடவிட்டது எங்களுக்காக. இது அவருக்காக. ஆனால் ரிமோட் திரும்பவும் எங்கட கையிலதான் இருக்கு, அவரிடம் கேட்கவும் ஆளில்லை. அந்தக் காட்சி தேவை என்று அவர் சொன்னதும் இருக்கு, அவர் போட்ட வழக்கும் இருக்கு. இரண்டு மணித்தியாலம் கதைச்சம். படம் இன்னும் போடவில்லை.